தங்கச்சிக்குப் பார்த்த இடம்

ஹோட்டல்காரர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மூக்கு. முகத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. அறைக் கதவைத் திறந்ததும் நான் முதலில் செய்வது மூச்சை நன்றாக இழுத்துப் பார்ப்பது. ஈரக் கம்பளம், பழைய சிகரெட், ஏசிக்குள் தேங்கிய தண்ணீர், இதையெல்லாம் மறைக்க ஐந்து நிமிடம் முன்பு அடித்த வாசனை ஸ்ப்ரே, ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவேன். நான் உள்ளே நுழையும்போதே "மூக்கு வந்தாச்சு" என்று வரவேற்பு மேசையில் கிசுகிசுப்பது எனக்குக் கேட்கும். கோபம் மூக்குக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் ஆள் என்பதால்தான் அந்தப் பெயர் என்பாள் என் மனைவி. அவளுக்கென்ன, எதையாவது சொல்லிக்கொண்டிருப்பாள்.

கப்பல் கம்பெனிகளும் வங்கிகளும் இந்தத் துறைமுக நகரத்துக்கு ஆள் அனுப்பும்போது அவர்கள் எங்கே தங்கலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் எங்கள் அலுவலகத்தின் தொழில். ஒரு வாரம் என்றால் பெரிய ஹோட்டல். மாதக்கணக்கு என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட், அதாவது சமையலறையும் துணி துவைக்கும் மெஷினும் வைத்து, ஆள் வந்து பெருக்கித் துடைத்துவிட்டுப் போகிற வீடு. எவ்வளவு பெரிய நட்சத்திர ஹோட்டலாக இருந்தாலும் பன்னிரண்டாம் நாள் அறையில் வைக்கும் அந்தப் பழத்தட்டைப் பார்த்தாலே மனிதனுக்கு எரிச்சல் வரும். தன் கையால் ஒரு டம்ளர் டீ போட முடியாத இடத்தில் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், புத்தகத்தில் படித்ததில்லை.

படங்களை நான் நம்புவதே கிடையாது. படத்தில் கடல் தெரியும், நேரில் போனால் கன்டெய்னர் யார்டு தெரியும். கிரேன் பின்னால் நகரும்போதெல்லாம் கீங் கீங் என்று ஒரு சத்தம் விடுமே, அது எந்தப் படத்தில் வரும்? அதனால் நேரில் போய் நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை நிரப்பிக் கையெழுத்துப் போடுவேன். தக்காளியை நறுக்கிப் பார்ப்பேன். சர்வீஸ் அபார்ட்மென்ட் கத்திகளில் பாதி தக்காளியை நசுக்கத்தான் லாயக்கு. ஆனால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: கதவை உள்ளிருந்து பூட்ட முடிகிறதா, கூப்பிடாமல் யாராவது உள்ளே வருகிறார்களா? அதற்காக மத்தியானத்தில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை வெளியே மாட்டிவிட்டுக் கட்டிலில் ஒரு மணி நேரம் படுத்துக்கிடப்பேன். துடைப்பத்தோடு யாராவது எட்டிப் பார்த்தால் போச்சு, மீதி முப்பத்தொன்பது கேள்வியும் வீண். ஒரு முறை ஐந்து நட்சத்திர ஹோட்டலின் மேலாளரே பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, பனியனோடு கிடந்த என்னைப் பார்த்து மிரண்டு போனார். அந்த ஹோட்டலை அப்படியே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.

தாளில் நான் பொய் எழுதியதே இல்லை. வாழ்க்கையில் நிறையச் சொல்லியிருக்கிறேன். தாளில் இல்லை.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை மேனேஜரம்மா என் மேசையில் ஒரு விண்ணப்பத்தை வைத்துவிட்டுப் போனார். கப்பல் பழுதுபார்க்கும் தளத்துக்கு வரும் சோதனையாளர், பெண், தனியாக, மூன்று மாதம், ஹோட்டலோ அபார்ட்மென்ட்டோ எதுவானாலும் சரி. பெயரைப் பார்த்தேன். என் தங்கச்சி.

எங்கள் அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அவளுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்தாறு, கல்யாணமாகி ஒரு வருடம். என் வீட்டில்தான் வளர்ந்தாள். வாலு என்றுதான் கூப்பிடுவேன், அவ்வளவு சேட்டை. இருபத்தேழு வயதில் கப்பல் சோதனையாளர் பரீட்சை எழுதி வெளிநாட்டு வேலை வாங்கிக்கொண்டு போனவள், போய் ஒன்பது வருடம். சண்டையென்று எதுவும் இல்லை. என் பிறந்தநாளுக்குச் சட்டை வரும், என் பையன் பரீட்சைக்குப் போனால் போன் வரும். ஆனால் இந்த ஊருக்கு இரண்டு முறை வந்தவள் இரண்டு முறையும் ஹோட்டலில்தான் தங்கினாள். வீட்டுக்கு மத்தியானம் வந்து, சாப்பிட்டு, சிரித்துப் பேசி, நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டாள். கம்பெனியே போட்டுக் கொடுத்துவிட்டது என்றாள். நான் நம்பினேன். ஒரு நாள் வேலைக்கு வருபவர்களைக் கம்பெனி ஹோட்டலில்தான் போடும்.

இது மூன்று மாதம். அவள் வருவது எனக்கு முன்பே தெரியும், போனில் சொல்லியிருந்தாள். அவள் முன்பு இருந்த மாடி அறைக்குப் புதிதாக வெள்ளையடித்து, புது மெத்தை வாங்கிப் போட்டு, தங்கச்சி வந்து தங்கப் போகிறாள் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். இப்போது என்னடாவென்றால் அவளே அறை கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள், அதுவும் என் அலுவலகத்துக்கே. அவமானமாக இருந்தது. அதைவிட, இந்த முறை தப்பினால் இனி எந்தக் காலத்திலும் அவள் என் வீட்டில் ஒரு ராத்திரி தங்க மாட்டாள் என்று பயம் வந்தது.

உடனே போன் போட்டுக் கேட்டேன். கம்பெனி கேட்டது, எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என்றாள். "நீயே பார்த்துச் சொல்லுண்ணா. நீ பார்த்தா சரியா இருக்கும்" என்றாள். கோபப்படவும் வழி விடவில்லை.

விண்ணப்பத்தின் கடைசியில் 'சிறப்புத் தேவைகள்' என்று ஒரு கட்டம் உண்டு. கடல் தெரிய வேண்டும், தலையணை பஞ்சாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதுவார்கள். இவள் எழுதியிருந்தது: 'சுத்தம் செய்ய வருபவர்கள் கதவைத் தட்டி, நான் சொன்ன பிறகு உள்ளே வர வேண்டும்.' பெரிய இடத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான் நாசூக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். யார்தான் தட்டாமல் வருகிறார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கும் மூன்று இடங்கள்தான் காட்டுவோம். நாலு காட்டினால் குழம்புவார்கள், இரண்டு காட்டினால் சந்தேகப்படுவார்கள். அந்த மூன்றில் எதை எடுக்க வைக்க வேண்டுமோ அதற்கு இரண்டு பக்கமும் உதவாததாக ஒவ்வொன்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது. இந்தத் தில்லுமுல்லு எனக்குப் பிடிக்காது, பெரும்பாலும் செய்வதில்லை. ஆனால் தங்கச்சி விஷயம். வேண்டுமென்றே மோசமான இரண்டைப் பொறுக்கினேன். ஒன்று, மாநாட்டுக் கூடத்துக்கு நேர் மேலே அறை இருக்கும் பெரிய ஹோட்டல். கீழே மைக் பிடித்தால் மேலே கட்டில் அதிரும். இன்னொன்று கிரேன்களைப் பார்த்த அபார்ட்மென்ட். மூன்றாவது என் வீட்டு மாடி. 'ஒற்றை அறை, தனிக் குளியலறை, பால்கனி, குடும்பச் சூழல்' என்று டைப் அடிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவள் படித்துவிட்டுச் சிரிப்பாள், சரிண்ணா தோத்துட்டேன் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள் என்பது என் திட்டம்.

மேனேஜரம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எந்த இடமானாலும் தாள் நிரப்பாமல் பட்டியல் அலுவலகத்தைத் தாண்டாது. உங்கள் வீடென்றால் இன்னும் கவனமாகப் பார்த்து நிரப்புங்கள் என்றார். அதுவும் நியாயம்தான். நான் போட்ட சட்டம்தானே.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனேன். சோதனைக்குப் போகும்போது அங்கே இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்பது முறை. தலை வலிக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். மூச்சை இழுத்தேன். சுண்ணாம்பு வாசனை, புது மெத்தை வாசனை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் நன்றாக விழுந்தது. ஜன்னல் முழுசாகத் திறந்தது. என் வீடு என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தாளையும் பேனாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்தேன்.

எட்டாவது நிமிடம் மனைவி வந்தாள். மடித்த துணியை அலமாரியில் அடுக்கிவிட்டு, காற்றாடியைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போனாள். பதினைந்தாவது நிமிடம் என் பையன், காதில் போனோடு, நான் ஒருத்தன் படுத்திருப்பதையே பார்க்காமல் அறையைக் கடந்து பால்கனிக்குப் போய் யாருடனோ இருபது நிமிடம் குழைந்து பேசிவிட்டு அதே மாதிரி திரும்பிப் போனான். அப்புறம் மனைவி மறுபடி, இஸ்திரிப் பெட்டிக்கு. அப்புறம் காய்ந்த துணியை எடுக்க. கடைசியாக எனக்கு மாத்திரையோடு. யாரும் தட்டவில்லை. யாரும் கதவருகே ஒரு நொடி நிற்கக்கூட இல்லை. சந்தையில் படுத்திருந்தால்கூட இவ்வளவு பேர் மிதித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். எழுந்து போய்க் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போடக் கையைத் தூக்கினேன். கை வெறும் மரத்தில் பட்டது. புதிதாக வெள்ளையடித்தபோது கதவுக்கும் சாயம் பூசியிருந்தார்கள். அதற்குக் கீழே விரலுக்குத் தட்டுப்பட்டது நாலு ஓட்டை, மக்குப் பசை வைத்து அடைத்தது.

அடைத்தவன் நான்தான். கழற்றியவனும் நான்தான்.

அவள் பரீட்சைக்குப் படித்த வருடம் அது. வேலையிலிருந்து வந்ததும் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் டீ எடுத்துக்கொண்டு போனால் கதவு பூட்டியிருக்கும், தட்டினால் "இருண்ணா, முடிச்சிட்டு வரேன்" என்பாள். என் வீட்டில் எனக்கே கதவா என்று சுருக்கென்றது. உண்மையைச் சொல்லவா? அந்தப் பரீட்சையில் தேறினால் போய்விடுவாள் என்று பயம். போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, கைக்கு ஸ்க்ரூ டிரைவர் வந்தது. அவள் குளிக்கப் போயிருந்தபோது தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, படிக்கிற பிள்ளைக்குப் பூட்டு எதற்கு என்று சத்தமாகவும் சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததால் அது முடிந்துபோன விஷயம் என்று நான் மறந்தும் போனேன். அதற்குப் பிறகு நாலு மாதம் நான் நினைத்த நேரத்துக்கெல்லாம் அந்த அறைக்குள் போய்வந்தேன். டீ கொடுக்க, பேப்பர் கொடுக்க, படிக்கிறாளா என்று பார்க்க.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து தாளை எடுத்தேன். முதல் கேள்வியின் முதல் பாதிக்கு 'இல்லை' என்று எழுதினேன். கூப்பிடாமல் யாராவது உள்ளே வருகிறார்களா என்பதற்கு 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் 'நான்' என்று எழுதினேன். மீதி முப்பத்தொன்பதை நிரப்பவில்லை. அழுகை வந்தது. ஐம்பத்தோரு வயதில் தலைவலி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கீழே வந்து மனைவியிடம் கேட்டேன், இதனால்தான் அவள் தங்குவதில்லை என்று உனக்குத் தெரியுமா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"வீட்ல எல்லாருக்கும் தெரியும். உங்ககிட்ட யாரு சொல்றது?" என்றாள். கீரைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள்.

வழக்கமாக இதற்கு ஒரு கத்து கத்தியிருப்பேன். அன்றைக்குக் கத்தவில்லை. உடனே போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கிவந்து மாட்டிவிடுகிறேன் என்றேன். மாட்டுங்கள், நல்லதுதான், ஆனால் அதைப் பார்த்து அவள் வந்துவிடுவாள் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்றாள்.

மறுநாள் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தேடினேன். நாலு நாளில் ஆறு இடம். படகுத்துறைக்கு எதிரே ஒரு பெரிய ஹோட்டல் இருந்தது. முப்பதாவது மாடி, குளியலறையிலிருந்தே கப்பல் தெரியும், தலையணையில் மட்டும் ஆறு வகை. ஆனால் மாலையானால் விரிப்பை மடித்து மிட்டாய் வைக்க ஒரு ஆள் தன் சாவியைப் போட்டு உள்ளே வருவது அங்கே மரியாதையாம். எனக்கு வேண்டாம் அந்த மரியாதை. இன்னொரு அபார்ட்மென்ட்டில் சமையலறை அற்புதம், கதவு மட்டும் சாத்தினால் தானாகத் திறந்துகொண்டது. ஆறாவதாகப் பார்த்தது ஒரு பழைய கட்டடத்தின் ஒன்பதாவது மாடி. பெரிய கப்பல்கள் தெரியாது, சின்னப் படகுகள் கட்டும் இடம்தான் தெரியும். கம்பளம் கொஞ்சம் தேய்ந்திருந்தது. கத்தி தக்காளியை அழகாக நறுக்கியது. பராமரிப்புப் பொறுப்பிலிருந்த அம்மாவிடம் தங்கச்சியின் கட்டத்தில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, நாசூக்கு என்று நினைக்கவில்லை. நோட்டில் எழுதி, பெருக்க வரும் பெண்ணைக் கூப்பிட்டு அவளையும் படிக்கச் சொன்னார். அட்டையை மாட்டிவிட்டு ஒன்றரை மணி நேரம் படுத்தேன். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. நானே தூங்கிப்போய்விட்டேன்.

அடுத்த வாரம் சனிக்கிழமை தங்கச்சி வந்து இறங்கினாள். நரை கொஞ்சம் எட்டிப் பார்த்தது, மற்றபடி அதே வாலு. ஆறில் தேறிய மூன்று இடங்களையும் கூட்டிப்போய்க் காட்டினேன், மூன்றும் யோக்கியமான இடங்கள். அவள் கப்பலைச் சோதிப்பவள் அல்லவா, பையிலிருந்து டார்ச்சை எடுத்துத் தொட்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள், குழாய் மூட்டை விரலால் தடவிப் பார்த்தாள். குறை கண்டுபிடிப்பதில் எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. ஒன்பதாவது மாடியில் தொட்டிக்கு அடியில் குனிந்தபடியே கேட்டாள்.

"நம்ம வீட்டு மாடி ரூமைக் காட்டலையேண்ணா? கண்டிப்பா லிஸ்ட்ல சேர்ப்பேன்னு அண்ணிகிட்ட பந்தயம் கட்டியிருந்தேன்."

"சேர்த்தேன். தேறல."

"ஏன்?"

ஆயிரம் ஹோட்டல் மேலாளர்களின் முகத்துக்கு நேரே அவர்கள் குறையைச் சொன்ன வாய் இது. "கதவுல தாழ்ப்பாள் இல்ல. நான்தான் கழட்டினேன். நீ போயிடுவியோன்னு பயந்து கழட்டினேன். அது தப்பும்மா."

டார்ச் அணைந்தது. அவள் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது என்னைப் பார்க்காமல் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள்.

"நாலு மாசம் கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துட்டுத் தூங்கினேன்" என்றாள். "காலைல நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சிடுவேன். உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவியேன்னு."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். தெரியாமல் இருந்ததுதானே குற்றம் என்று தோன்றியது, விட்டுவிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, இந்த இடத்தையே எடுத்துக்கொள்கிறேன் என்றாள். படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டாள்.

அவள் சாமான்கள் திங்கட்கிழமை வந்தன. அன்று சாயங்காலம் மனைவி ஒரு போர்வையும் டீத்தூள் டப்பாவும் கொடுத்தனுப்பினாள். ஒன்பதாவது மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அரைவாசி திறந்தாள். தலைமுடியை உச்சியில் அள்ளிக் கட்டியிருந்தாள், பின்னால் பெட்டிகள் பிரித்தபடி கிடந்தன. போர்வையையும் டப்பாவையும் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் அறைகளுக்குள் போயிருப்பேன், அவள் அறைக்குள்ளும் எத்தனை முறை போயிருப்பேன், ஒரு முறைகூட இதைக் கேட்டதில்லை.

"உள்ள வரலாமா?"

அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கும்போது பார்ப்பாளே, அப்படி. பொய் சொல்லவில்லை.

"இன்னைக்கு வேணாம்ண்ணா. அலுப்பா இருக்கு. ஞாயித்துக்கிழமை வா. அண்ணியையும் கூட்டிட்டு வா, நான் சமைக்கறேன்."

"சரிம்மா" என்றேன். கதவை மெல்லச் சாத்தினாள். லிஃப்டில் இறங்கும்போது வலித்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் என் தங்கச்சி என் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், நானும் திரும்பி வந்துவிட்டேன், ஒன்றும் இடிந்து விழவில்லை. ஒன்பது வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் உண்மையான பதில் அதுதான். சந்தோஷமாகவும் இருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள். வீடு எப்படி, சமையலறை எப்படி, வெளிச்சம் வருமா, எத்தனை அலமாரி என்று அடுக்கினாள். அந்த வீட்டின் ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு கொக்கியும் எனக்கு மனப்பாடம். நாற்பது கேள்விக்கும் என் கையெழுத்தில் பதில் இருக்கிறது.

"நான் இன்னும் பார்க்கல" என்றேன். "ஞாயித்துக்கிழமைக்கு நம்மள கூப்பிட்டிருக்கா."